தானியாகுபெயரும் ஓர் அக்ரிலிக் பெட்டியும்

நம் ஊர்களில் கணினியின் பெட்டியைப் பெட்டி என்று அழைப்பவர்கள் அரிது. ‘சிபியு’ என்பார்கள். மேசைக்கு அடியில் கால் பட்டும் துடைப்பம் பட்டும் நிற்கும் அந்தக் கறுப்புத் தகரக் கூட்டுக்கு, உள்ளே ஒரு விசிறியின் அடியில் ஒளிந்திருக்கும், தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு சில்லின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. இலக்கணம் படித்தவர்கள் இதைத் தானியாகுபெயர் என்று உடனே இனம் காண்பார்கள். உள்ளே வைக்கப்பட்ட பொருளின் பெயர், அதை வைத்திருக்கும் இடத்துக்கு ஆகிவருவது. பாலை இறக்கு என்றால் பால்குடத்தை இறக்குகிறோமே, அதுபோல.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாலை நாம் பார்த்திருக்கிறோம், குடத்தையும் பார்த்திருக்கிறோம். இரண்டும் வேறு என்று அறிந்தே ஒன்றின் பெயரால் மற்றொன்றைச் சொல்கிறோம். சிபியு என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தச் சில்லைக் கண்ணால் கண்டதில்லை. பெயர் இடம் மாறியது சொல்நயத்தால் அன்று, அறியாமையால். இருபது ஆண்டுகள் ஒரே பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கதையும் கட்டுரையும் மொழிபெயர்ப்பும் தட்டச்சு செய்தவர்கள்கூட, அதன் பக்கத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். இலக்கிய வாசகர்களாகிய நாம் இதில் பிறரைவிட மேலானவர்கள் அல்லர். சொல்லப்போனால் நாம்தான் இன்னும் மோசம்.

வீட்டிலேயே அக்ரிலிக் தகட்டை அறுத்துத் துளையிட்டு ஒரு கணினிப் பெட்டியைச் செய்துகொள்வது பயனுள்ள காரியம் என்பதும், குறிப்பாகப் போடிநாயக்கனூரையும் அதன் மேலிருக்கும் ஏலமலையையும் சேர்ந்தவர்களுக்கு அது மிக இயல்பான காரியம் என்பதும் எங்கள் கருத்து. பணம் மிச்சமாகும் என்று நாங்கள் சொல்லவில்லை. மிச்சமாகாது. கடையில் விற்கும் தகரப் பெட்டி, தகட்டின் விலையையும் திருகுகளின் விலையையும் கூட்டினால் வரும் தொகையைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே சிக்கனத்தைக் காரணம் காட்ட வழியில்லை. வேறு காரணங்கள் இருக்கின்றன.

*

போடி திறந்து பார்த்து வாங்கும் ஊர். ஏலக்காய் வியாபாரத்தில் எவரும் கட்டிய மூட்டையை அப்படியே விலைக்குக் கேட்பதில்லை. மாதிரிக் காய் கைக்கு வர வேண்டும். நிறம் பார்ப்பார்கள், 7 மில்லிமீட்டரா 8 மில்லிமீட்டரா என்று பருமன் பார்ப்பார்கள், ஒரு காயைப் பிளந்து விதை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், வாயிலும் போட்டுக்கொள்வார்கள். கூவி ஏலம் கேட்ட முறை மாறி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் 2007இல் இங்கே வந்தது. அதன் பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. வியாபாரிகள் ஆளுக்கொரு கணினியின் முன் உட்கார்ந்து விலையை ஏற்றுகிறார்கள். ஆனால் மாதிரிக் காய் இன்றும் கைக்கு வந்தாக வேண்டும். ஏலக்காயின் உள்ளே பார்க்காமல் ஒரு ரூபாய்கூட ஏற்றாத ஊரில், அந்த ரூபாயை ஏற்றும் பெட்டியின் உள்ளே மட்டும் எவரும் பார்ப்பதில்லை என்பது வேடிக்கை.

இவ்வூரின் கணினி அறிவு எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். பொறியியல் பட்டமும் பாலிடெக்னிக் பட்டயமும் பெற்ற இளைஞர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டின் இறுதியோடு மீட்டர்கேஜ் ரயில் நின்று, 2023 ஜூனில் அகலப்பாதையில் மறுபடி ரயில் வந்தது. இடைப்பட்ட அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறையே பேருந்தில் ஏறிச் சென்று படித்து முடித்துவிட்டது. அவர்களுக்குக் கணினி என்றால் திரைக்கு முன்னால் நடப்பது. திரைக்குப் பின்னால் நடப்பதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிட்டார்கள். பழுதுபார்ப்பவரோ, பெட்டியை வாங்கி உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுவார். என்ன செய்தார் என்பது தெரியாது. என்ன பழுது என்பதும் தெரியாது. பில் மட்டும் தெரியும். எங்களில் ஒருவருக்கு ஒரு கடையில் நினைவகத் தகட்டைக் கழற்றித் துடைத்து மாட்டியதற்குப் புதிய தாய்ப்பலகையின் விலை கேட்கப்பட்டது. அந்தக் கடைக்காரரை நாங்கள் நோகவில்லை. திறக்கத் தெரியாதவரிடம் மூடிய பெட்டிக்கு எந்த விலையும் கேட்கலாம்.

*

பெட்டி செய்யும் வேலை என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறோம்.

கணினியின் உறுப்புகளுக்கு நல்ல காலமாக ஓர் அளவு ஒழுங்கு இருக்கிறது. 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறை இன்றும் வழக்கில் உள்ளது. முழுத் தாய்ப்பலகை 305க்கு 244 மில்லிமீட்டர். அதன் தங்கையான மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. பின்பக்கத்தில் கம்பிகள் செருகும் வாயில்களுக்கான திறப்பு 158.75க்கு 44.45. பெரிய விசிறியின் சதுரம் 120 மில்லிமீட்டர், அதன் திருகுத் துளைகளுக்கு இடையே 105. இந்தச் சில எண்களை ஒரு வரைபடத்தாளில் அதே அளவில் வரைந்து, தகட்டின் மேல் ஒட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எந்த நாட்டில் செய்த தாய்ப்பலகையும் போடியில் நாம் போட்ட துளையில் சரியாக வந்து உட்காரும். வீட்டுக்குக் கதவு செய்ய நிலையை அளந்து பார்க்கும் ஆசாரிக்கு இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு நிலையும் ஒவ்வோர் அளவு.

அக்ரிலிக் தகடு பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் கிடைக்கும். 8க்கு 4 அடி முழுத் தகடு நமக்குத் தேவையில்லை. வெட்டி மிஞ்சிய துண்டுகளே போதும். பக்கங்களுக்கு 3 மில்லிமீட்டர் கனம், எடை தாங்கும் அடிப்பக்கத்துக்கும் தாய்ப்பலகை நிற்கும் தகட்டுக்கும் 5 மில்லிமீட்டர். அறுக்க இயந்திரம் வேண்டும் என்பதில்லை. உடைந்த ஹேக்ஸா பிளேடின் முனையைச் சாணைக்கல்லில் கொக்கி போலத் தீட்டினால் அதுவே கீறுகத்தி. இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, ஒரே தடத்தில் பதினைந்து இருபது முறை கீறி, அந்தத் தடத்தை மேசை விளிம்பில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் தகடு நேர்கோட்டில் பிரியும். துளை போடும்போது மட்டும் பொறுமை வேண்டும். மரத்துண்டை அடியில் கொடுத்து, துளைப்பானை மெதுவாகச் சுற்றவிட வேண்டும். வேகம் கூடினால் சூட்டில் அக்ரிலிக் இளகி அலகோடு ஒட்டிக்கொள்ளும்; மறுகரையில் வெடிக்கும். பிறகு விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுத்து, உப்புத்தாளில் சொரசொரப்பானதில் தொடங்கி நயமானதுவரை வரிசையாகத் தேய்த்தால் விளிம்பும் தெளியும்.

இவையெல்லாம் ஒரு விடுமுறை வாரத்து வேலை. இதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டியது காற்று.

இரும்புத் தகட்டோடு ஒப்பிட்டால் அக்ரிலிக் வெப்பத்தைக் கடத்துவது இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. தகரப் பெட்டி தன் உடம்பின் வழியாகவும் கொஞ்சம் சூட்டை வெளியே விடும். அக்ரிலிக் பெட்டி விடாது. ஆகவே உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும்தான் எல்லாம். இங்கேதான் ஏலமலைக்காரர்களுக்கு ஒரு முன்னறிவு உண்டு என்கிறோம். மலைத் தோட்டங்களில் பச்சைக்காயை உலர்த்தும் கூடத்தை, அவர்கள் வாயில் வெறும் ‘ஸ்டோர்’, உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெளியே அடுப்பு எரியும். அதன் புகை இரும்புக் குழாய் வழியாக அறையின் தரையை ஒட்டிச் சுற்றி மறுபக்கம் வெளியேறும். குழாயின் சூடு மட்டும் அறைக்கு. புகை காயைத் தொடாது. தட்டு தட்டாக அடுக்கிய காயின் ஈரம் ஆவியாகி மேலெழும். மேலே உள்ள திறப்புகள் வழியாக அது போய்விட வேண்டும். நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு ஈரமாக வந்த காய், பத்துப் பன்னிரண்டு பங்குக்கு இறங்க வேண்டும். பச்சை நிறமும் போகக் கூடாது. சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். திறப்பைச் சற்று முன்னதாக அடைத்தால் அறைக்குள் ஈரம் தங்கிக் காய் வெளுக்கும். எப்போது அடைப்பது, எவ்வளவு அடைப்பது என்பதை அறிந்த கை ஒரு தோட்டத்தின் ஆண்டு வருமானத்தைக் காக்கும் கை.

கணினிப் பெட்டியும் இதே கணக்குத்தான், குறிக்கோள் மட்டும் தலைகீழ். அங்கே சூட்டைத் தக்கவைத்து ஈரத்தை வெளியேற்றுகிறோம்; இங்கே சூட்டையே வெளியேற்றுகிறோம். கீழே முன்பக்கம் குளிர்ந்த காற்று நுழைய வேண்டும். மேலே பின்பக்கம் சூடேறிய காற்று வெளியேற வேண்டும். இடையில் கம்பிக் கற்றைகள் வழிமறிக்கக் கூடாது. இயற்கையில் மேலெழும் காற்றுக்கு விசிறி எதிர்த்து நிற்கக் கூடாது. ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் எங்கள் வரைபடத்தைக் காட்டியபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, காற்று எந்த வழியாகப் போகும் என்பதுதான். கணினிப் படிப்பு படித்த எவரும் எங்களிடம் அதை முதல் கேள்வியாகக் கேட்கவில்லை.

மேலும் இவ்வட்டாரம் ஒரே வட்டாரமல்ல. கீழே போடியில் கோடைப் புழுதி. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மூடுபனி. கீழே வைக்கும் பெட்டிக்கு, காற்று நுழையும் வாயில் கொசுவலைத் துணியை இரட்டையாக மடித்து வடிகட்டியாக வைக்க வேண்டும். உள்ளே தள்ளும் விசிறியின் வலு, வெளியே இழுக்கும் விசிறியின் வலுவைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியே தூசி நுழையாது. மேலே வைக்கும் பெட்டிக்கு எதிரி ஈரம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த உலோகத்தின் மேல் விடியலின் ஈரக்காற்று பட்டால் நீர் பூக்கும். தகரப் பெட்டிக்குள் பூத்த நீர் நமக்குத் தெரியாது, விசையைத் தட்டிவிடுவோம். கண்ணுக்குத் தெரியும் பெட்டியென்றால் பூத்திருப்பது தெரியும், காயும்வரை காத்திருப்போம். எறும்பும் பல்லியும் குடிவந்திருப்பதும் அப்படியே தெரியும். எங்கள் அனுபவத்தில் ஒளிபுகும் பெட்டியின் முதல் பயன் அழகல்ல, இந்த எச்சரிக்கைதான்.

*

அக்ரிலிக் என்ற பொருள் நம் பகுதிக்கு விளம்பரப் பலகையாக மட்டும் வரவில்லை. அதற்கு ஒரு மேலான வரவு உண்டு.

இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் அறைக்கூரை இந்தப் பொருளால் ஆனது. கூரை நொறுங்கி அதன் துணுக்குகள் கண்ணில் தைத்த விமானிகளைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், அத்துணுக்குகளைக் கண் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதைக் கண்டார். 1949இல் லண்டனில், புரை நீக்கிய கண்ணுக்குள் இதே பொருளாலான ஒரு வில்லையை வைத்தார். அந்த வில்லை நெடுங்காலம் நம் நாட்டு ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற அமைப்பை நிறுவி அவ்வில்லையை இங்கேயே செய்யத் தொடங்கியது. விலை பல மடங்கு இறங்கியது. அரவிந்தின் கிளை தேனியிலும் உண்டு. தொண்ணூறுகளில் கண்புரை அறுவை செய்துகொண்ட எங்கள் பாட்டிமார் பலர், ஒரு துளி அக்ரிலிக்கைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் மீண்டும் ஏலக்காய் பொறுக்கி நிறம் பிரித்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, ஒளிபுகும் பொருளின் மதிப்பு அதைப் பிறர் பார்ப்பதில் இல்லை, அதன் வழியாக நாம் பார்ப்பதில் இருக்கிறது. மற்றொன்று, இதை ஏன் நாமே செய்யக் கூடாது என்று ஒருவர் கேட்கும்வரை எல்லாப் பொருளும் வெளியூர்ப் பொருள்தான்.

முதல் செய்தியை வைத்தே இன்றைய கணினிச் சந்தையின் மீது ஒரு விமரிசனத்தையும் சொல்லலாம். இப்போது கடைகளில் விற்கும் விலையுயர்ந்த பெட்டிகளுக்குப் பக்கச்சுவர் கண்ணாடிதான். உள்ளே ஏழு வண்ண விளக்குகள் மாறி மாறி எரியும். திருவிழாச் சப்பரம் போல இருக்கும். அதை வாங்கியவர் உள்ளே பார்க்கிறாரா என்றால், விளக்கைப் பார்க்கிறார். நகைக்கடைக் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியும், கை படாது. இதுவும் அப்படித்தான். தெரிவது வேறு, திறப்பது வேறு. தெரிந்துவிட்டதாலேயே திறந்துவிட்டதாக ஒரு மயக்கம் உண்டாகிறது. அது மூடிய தகரத்தைவிடத் தீங்கானது. ஏல அரங்கிலும் இது உண்டு. ஒவ்வொரு குவியலின் விலையும் திரையில் எல்லோருக்கும் தெரிகிறது, நல்லதுதான். ஆனால் விடியலுக்கு முன்பே போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறிக் காய் பறித்துவிட்டு இருட்டும்போது இறங்கும் பெண்ணின் கூலி அந்தத் திரையில் தெரிவதில்லை. ஒரு சுவரைக் கண்ணாடியாக்கிவிட்டு, மற்ற மூன்று சுவர்களை மறந்துவிடச் செய்வது எளிது.

எனவே எங்கள் பெட்டிக்கு நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒட்டக் கூடாது, திருக வேண்டும். பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக்கைக் குளோரோபாம் கொண்டு சேர்ப்பார்கள். அது பசையல்ல. இரு விளிம்புகளையும் கரைத்துவிட்டுத் தான் ஆவியாகிவிடும். கரைந்த விளிம்புகள் ஒன்றாகி இறுகும். பார்வைக்கு மிக நேர்த்தியான மூட்டு. ஆனால் சேர்ந்தது சேர்ந்ததுதான், உடைத்தால்தான் பிரியும். அதன் ஆவி உடலுக்கும் நல்லதல்ல. எல்-வடிவ உலோகத் துண்டும் திருகும் கொண்டு மூட்டினால் அந்த நேர்த்தி வராது. மூலைக்கு மூலை திருகுத் தலை துருத்திக்கொண்டு நிற்கும். இருக்கட்டும். எந்தத் தகட்டையும் ஒரு திருப்புளியால் ஐந்து நிமிடத்தில் கழற்ற முடிகிறது. ஒரு பக்கம் விரிசல் விட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக அறுத்துக்கொள்ளலாம். அழகுக்கும் கழற்றலுக்கும் இடையே ஒன்றைத் தேர வேண்டியிருக்கும்போது கழற்றலைத் தேர்வதுதான் நம் காலத்துக்கான அறம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இது பெரிய சொல்லாகப் படலாம். ஆனால் கைப்பேசியின் மின்கலத்தைப் பசையால் ஒட்டி மூடி, மாற்ற விடாமல் செய்து, புதியதை வாங்கவைக்கும் வணிகத்தின் நடுவே வாழ்கிறோம். பொருளை வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்க்கும் உரிமை உண்டா என்பது உலகெங்கும் சட்டப் பிரச்சினையாகிவிட்டது. இந்தியாவிலும் 2022இல் மைய அரசின் நுகர்வோர் துறை இதற்கெனக் குழு அமைத்தது. அதே ஆண்டின் இறுதியில் ஓர் இணையவாயிலையும் திறந்தது. சட்டம் வரட்டும். ஆனால் உரிமை கிடைத்த பிறகும் திருப்புளியைப் பிடிக்கத் தெரியாத கைக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

*

மறுப்புகள் உண்டு, அவற்றுள் சில நியாயமானவை.

அக்ரிலிக் ஞெகிழிதானே, இன்னொரு ஞெகிழிக் குப்பையைச் செய்யச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு செய்வதும், பழைய கணினியின் உறுப்புகளுக்கு அதைக் கூடாக்குவதும்தான் எங்கள் விடை. புதுப் பெட்டி செய்யப் புதுக் கணினி வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. வெளிவீசும் மின்காந்த அலையை இரும்புத் தகடு தடுக்கும், அக்ரிலிக் தடுக்காது என்பது அடுத்த மறுப்பு. உண்மை. பண்பலை வானொலியைப் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் கேட்கக்கூடும். தள்ளி வைக்க வேண்டும். தீயில் எளிதாகப் பற்றும் என்பதும் உண்மை. விளக்கு ஏற்றும் மாடத்தின் அருகே வைக்கக் கூடாது. உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறும் என்பதும் உண்மை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் கலந்த திரவம் பட்டால் மயிரிழை விரிசல்கள் பூக்கும். அதையும் தவிர்க்க வேண்டும். மின்வழங்கியின் உலோக உடம்பு வெளிப்பட்டு நிற்குமாதலால், மூன்றாம் கால் உண்மையிலேயே நிலத்தோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் முதன்மையானது. பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் கம்பி இருக்காது.

இந்தக் குறைகளை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவை ஒவ்வொன்றையும் கையாளும்போது ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்கிறோம். கடைப் பெட்டியில் இந்தத் தொல்லைகளை வேறு யாரோ முன்பே தீர்த்துவிட்டார்கள். எனவே தொல்லை இருந்ததே நமக்குத் தெரியாது.

*

கடைசியாக, இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி.

தமிழில் நூல் என்ற சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். இது தற்செயலான ஒப்புமையாக நம் முன்னோருக்குத் தோன்றவில்லை. தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைக் காட்டித் தீர்ப்பது போல, கற்கும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்பது நன்னூலின் பாயிரம் தரும் விளக்கம். பவணந்தி முனிவருக்கு, கல்வியின் பெருமையைச் சொல்லத் தச்சனின் கைவேலை உவமையாக வந்திருக்கிறது. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு நிலம் குறிப்பவர்கள் கயிறிட்டு அளக்கும் காட்சி வருகிறது. அவர்களைப் புலவர் என்றே அப்பாட்டு அழைக்கிறது. அந்தப் புலவர் வேறு, நாம் இன்று சொல்லும் புலவர் வேறு என்று உரை எழுதிப் பிரித்துக்கொள்கிறோம். பிரித்தது சொற்களை மட்டுமல்ல.

கைவேலை சில சாதிகளுக்கு, எழுத்து வேறு சில சாதிகளுக்கு என்று பல நூற்றாண்டுகள் பங்கிட்டுக்கொண்ட சமூகம் இது. செய்தவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் செய்யவில்லை. அதன் விளைவை நம் மொழியிலேயே பார்க்கலாம். தொழில்நுட்பத்துக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று நாம் குழு அமைத்து அகராதியைப் புரட்டுகிறோம். பட்டறைக்குப் போவதில்லை. மூலைமட்டம், ரசமட்டம், இழைப்புளி, தமரூசி, அரம், பிசிறு என்று தச்சுப் பட்டறையில் வழங்கும் சொற்களில் எத்தனை நம் சிறுகதைகளில் வந்திருக்கின்றன? தகட்டை அறுத்தபின் விளிம்பில் நிற்கும் முள்ளைப் பிசிறு என்று சொல்லிக்கொடுத்தவர் எங்களுக்கு அரத்தைக் கடன் கொடுத்த ஆசாரி. பிசிறில்லாத நடை என்று நாம் எத்தனையோ மதிப்புரைகளில் எழுதியிருக்கிறோம். பிசிறு விரலில் குத்திய பிறகுதான் அச்சொல் எங்கிருந்து வந்தது என்று விளங்கியது.

கோவை ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பேசும்போது அவருடைய கண்டுபிடிப்புகளைப் பட்டியலிடுவோம். அவருடைய தொடக்கம் ஒரு பிரித்துப் போட்ட வண்டி என்பதைத்தான் நினைவில் வைக்க வேண்டும். பள்ளிப் படிப்பில் நில்லாத அந்த இளைஞர், ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை ஓட்டுவதற்கு முன் அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்த மனம் அந்தக் கழற்றலில் உருவான மனம். அவரைப் போன்றவர்கள் தோன்றவில்லையே என்று மேடைகளில் வருந்துகிறோம். வீட்டில் பிள்ளை ரேடியோவைக் கழற்றினால் முதுகில் ஒன்று வைக்கிறோம்.

நாங்கள் எல்லோரையும் பொறியாளராகச் சொல்லவில்லை. வாசிப்பு என்பதே மூடியிருப்பதைத் திறந்து பார்க்கும் பழக்கம்தான். ஒரு கவிதையை எடுத்துக்கொண்டால், எந்தச் சொல் எந்தச் சொல்லைத் தாங்குகிறது, எந்த இடத்தில் மூச்சு நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கும் அதே கண், தான் அன்றாடம் எழுதும் கருவியின் முன்னால் மட்டும் மூடிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பெட்டியையாவது ஒருமுறையாவது தன் கையால் அறுத்து, துளைத்து, மூட்டி, மீண்டும் கழற்றிப் பார்த்தவர், பிறகு எந்த மூடிய பொருளின் முன்னாலும், அது இயந்திரமானாலும் நிறுவனமானாலும் கருத்தானாலும், அவ்வளவு எளிதில் கைகட்டி நிற்க மாட்டார் என்று நாங்கள் நம்புகிறோம். திருகு எங்கே இருக்கிறது என்று தேடுவார்.

அதன் பிறகு அவர் அப்பெட்டியைச் சிபியு என்றே அழைக்கட்டும். பெயரை மாற்றச் சொல்லவில்லை. அப்போதுதான் அது பிழையாக இல்லாமல் உண்மையிலேயே ஆகுபெயராக இருக்கும்.